பேட்ஸி கிளைனும் அவர் பெயரால் வந்த இசைத்தட்டுகளும்

உயிரோடிருந்த காலத்தில் மூன்றே மூன்று எல்.பி. இசைத்தட்டுகளை வெளியிட்ட ஒரு பாடகியின் பெயரால், அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் புதிது புதிதாகத் தட்டுகள் வந்துகொண்டேயிருக்கின்றன என்றால், அவற்றுள் எவை அவருடையவை, எவை அவர் பெயரை மட்டும் தாங்கியவை என்ற கேள்வி எழுவது இயற்கையே. அமெரிக்காவின் கன்ட்ரி சங்கீதத்தில் பெண் குரலுக்கு இலக்கணமாகவே கொள்ளப்படும் பேட்ஸி கிளைனைப் பற்றித்தான் சொல்கிறேன். அவருடைய பாடல்களைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்த தொகுப்புகளும், பிற பாடகர்கள் அவருக்குச் செலுத்திய அஞ்சலித் தட்டுகளும், அவருடைய குரலையே தனியே பிரித்தெடுத்துப் புதிய வாத்தியங்களோடு பிணைத்துச் செய்த கலப்படங்களுமாக இன்று கிடைக்கும் பெருங்குவியலைச் சற்று நிதானமாகப் பகுத்துப் பார்ப்போமானால், ஒரு கலைஞரின் நினைவு எவ்வாறு பாதுகாக்கப்படுகிறது என்பதும், பாதுகாக்கிறோம் என்ற பெயரிலேயே எவ்வாறு சுருக்கப்படுகிறது என்பதும் விளங்கும்.

வர்ஜினியா மாநிலத்து வின்செஸ்டர் நகரில் 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி பிறந்த அவருடைய இயற்பெயர் வர்ஜினியா பேட்டர்ஸன் ஹென்ஸ்லி. தந்தை குடும்பத்தை விட்டு அகன்றபின் படிப்பை நிறுத்திவிட்டு, ஊர் மருந்துக்கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, தாயார் தம் கையாலேயே தைத்துக் கொடுத்த கௌபாய் பாணி உடைகளை அணிந்து சுற்றுவட்டாரத்து நடன அரங்குகளில் பாடித் திரிந்தவர். ஸ்வரக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர். ஆனால் காதால் கேட்டதைச் சாரீரத்தில் இறக்குவதில் அவருக்கு நிகரானவர்கள் அக்காலத்து நாஷ்வில்லில் அதிகம் இல்லை. 1963 மார்ச் 3-ஆம் தேதி கன்ஸாஸ் நகரில், விபத்தில் மாண்ட ஒரு வானொலி அறிவிப்பாளரின் குடும்பத்துக்காக நடந்த உதவிக் கச்சேரியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், மார்ச் 5-ஆம் தேதி மாலை, டென்னஸி மாநிலத்துக் கேம்டன் ஊருக்கு அருகே அவர் வந்த சிறு விமானம் காட்டில் விழுந்தது. விமானத்தை ஓட்டிவந்த அவருடைய நிர்வாகி ராண்டி ஹியூஸும், உடன் பாடவந்த ஹாக்‌ஷா ஹாகின்ஸ், கௌபாய் கோபாஸ் ஆகிய இருவரும் அவரோடு மாண்டனர். அப்போது பேட்ஸிக்கு வயது முப்பது.

இந்த முப்பது வயதுக்குள் அடங்கிய தொழில் வாழ்க்கை இரண்டு ஒப்பந்தங்களால் இரு கூறாகப் பிளந்து கிடக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளாவிட்டால், பின்வந்த தொகுப்புகளின் குளறுபடி ஒன்றும் புரியாது. 1954-இல் அவர் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தம் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃபோர் ஸ்டார் என்னும் நிறுவனத்தோடு. அதன் அதிபர் பில் மக்கால். அந்த ஒப்பந்தத்தின்படி, ஃபோர் ஸ்டார் பதிப்புரிமை பெற்ற பாடல்களை மட்டுமே பேட்ஸி பாடலாம்; விற்பனையில் அவருக்குக் கிடைக்கும் பங்கு நூற்றுக்கு 2.34, ஒலிப்பதிவுச் செலவும் அதிலிருந்தே கழிக்கப்படும். நல்ல பாடல் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளும் உரிமை இல்லாத ஒரு பாடகி, அதிபரின் பெட்டியில் இருப்பதைப் பாடியாக வேண்டும். அப்படி அவர் பாடிய பாடல்கள் 51. போதாக்குறைக்கு, டபிள்யூ. எஸ். ஸ்டீவன்ஸன் என்றொரு ‘ஆசிரியர்’ பெயர் அந்தத் தட்டுகளின் சீட்டுகளில் அடிக்கடி தென்படும். அது மக்கால் தமக்கே சூட்டிக்கொண்ட புனைபெயர். பாட்டு எழுதாமலேயே ஆசிரியரின் பங்கைப் பெறுவதற்கு இதைவிடச் சுலபமான மார்க்கம் வேறு உண்டோ?

ஃபோர் ஸ்டார் பதிவுசெய்தவற்றைத் தானே பரவலாக விற்காமல் டெக்கா நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. அந்த 51 பாடல்களில் உலகறியப் பிரசித்தி பெற்றது ஒன்றே ஒன்றுதான். 1957 ஜனவரி 21-ஆம் தேதி ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சித் திறமைத்தேடல் நிகழ்ச்சியில் அவர் பாடி வெற்றி பெற்ற ‘வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்’. கன்ட்ரி வரிசையில் இரண்டாம் இடத்தையும், பொதுமக்கள் ரசனையைக் காட்டும் பாப் வரிசையில் பன்னிரண்டாம் இடத்தையும் அது பிடித்தது. அதன்பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவருக்கு வெற்றி என்பதே இல்லை. 1960-இல் ஃபோர் ஸ்டாரின் பிடி விட்டு டெக்காவோடு நேரடியாக ஒப்பந்தமாகி, ஓவன் பிராட்லி என்னும் தயாரிப்பாளரின் கையில் முழுமையாக வந்து சேர்ந்த பிறகுதான் ‘ஐ ஃபால் டு பீஸஸ்’, ‘கிரேஸி’, ‘ஷீஸ் காட் யூ’ என்று அடுத்தடுத்து மலைபோல் எழுந்த பாடல்கள் வந்தன.

பேட்ஸி மறைந்தபின் இந்த இரண்டு கூறுகளும் இரண்டு வேறு வழிகளில் சென்றன. டெக்காவின் கையில் இருந்தவை அந்நிறுவனமும் அதன் வாரிசான எம்.சி.ஏ.வும் கட்டிக்காத்த சொத்தாயின. ஃபோர் ஸ்டாரின் 51 பாடல்களோ கேட்டவருக்கெல்லாம் குத்தகைக்குப் போயின. எவரெஸ்ட் போன்ற நிறுவனங்களும், பெயர் தெரியாத மலிவுப்பதிப்பு வியாபாரிகளும் அந்த 51-ஐயே மாற்றி மாற்றி அடுக்கி, பத்துப் பாடலுக்கு ஒரு தட்டு, பன்னிரண்டு பாடலுக்கு ஒரு தட்டு என்று வெளியிட்டார்கள். அட்டையில் அழகான முகம். ‘சிறந்தவை’, ‘பொற்பாடல்கள்’, ‘என்றும் இனியவை’ என்ற பொருள்படும் தலைப்பு. உள்ளே போனால் எல்லோரும் தேடும் பாடல்களில் ஒன்றைத் தவிர மற்றவை இராது. ஒலிநாடா வந்தபோதும், குறுந்தகடு வந்தபோதும் அதே 51 பாடல்கள் அதே வேஷத்தில் மீண்டும் மீண்டும் மேடையேறின. ஏமாந்து வாங்கியவர்களுக்கு ஒரு லாபம் மட்டும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டெக்கா செய்தது வேறு விதமான காரியம். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 1963 பிப்ரவரியில், நான்காவது தட்டுக்கென்று பேட்ஸி பதிவுசெய்துகொண்டிருந்த பாடல்கள் நிறுவனத்தின் கையில் இருந்தன. அவற்றைத் தனித் தட்டாக வெளியிடாமல், சிலவற்றைப் பழைய வெற்றிப் பாடல்களோடு கலந்து ‘தி பேட்ஸி கிளைன் ஸ்டோரி’ என்ற இரட்டைத் தட்டாக அதே ஆண்டில் கொண்டுவந்தார்கள். மிச்சத்தை அடுத்த ஆண்டு ‘எ போர்ட்ரெய்ட் ஆஃப் பேட்ஸி கிளைன்’ முதலிய தட்டுகளில் பங்கிட்டார்கள். ஒரு கலைஞர் கடைசியாகத் திட்டமிட்ட ஒரு முழுப் படைப்பு இவ்வாறு துண்டு துண்டாகச் சிதறியது. துக்கத்தில் இருக்கும் ரசிகர்களுக்கு ஒரே இடத்தில் அவருடைய வரலாற்றைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது என்று ஒப்புக்கொள்ளலாம். இருந்தாலும், ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’, ‘ஃபேடட் லவ்’ ஆகிய அந்தக் கடைசிப் பாடல்கள் ஒரே மனநிலையில், சில நாட்களுக்குள், ஒரே வாத்தியக் கோஷ்டியோடு பாடப்பட்டவை என்பது பல்லாண்டுகள் வரை சாதாரண ரசிகர் அறியாத செய்தியாகவே இருந்தது.

இனி நம் விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 1967-இல் டெக்கா ‘பேட்ஸி கிளைன்ஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பன்னிரண்டு பாடல்கள், அரைமணி நேரத்துக்குச் சற்றே மேல். அதில் புதுமை என்று எதுவும் இல்லை. விசேஷ விளம்பரமும் இல்லை. ஆயினும், அது ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாக அமெரிக்க இசைத்தட்டுத் தொழில்துறைச் சங்கம் 2005-இல் சான்று வழங்கியது. இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒரு தொகுப்பு, அவர் உயிரோடிருந்தபோது வெளியிட்ட எல்லாத் தட்டுகளையும் சேர்த்து வைத்தாலும் எட்டமுடியாத உயரத்தை எட்டியது எப்படி? பாடல்களின் சிறப்பு முதற் காரணம், அதில் ஐயமில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. கையடக்கமான அளவு, மலிவான விலை, எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும் நிச்சயம் ஆகியவையும் சேர்ந்து அந்தப் பன்னிரண்டு பாடல்களையே ‘பேட்ஸி கிளைன்’ என்று மக்கள் மனத்தில் நிலைநாட்டிவிட்டன. தாத்தா வாங்கிய தட்டு, பேரனுக்கு ஒலிநாடா, பேத்திக்குக் குறுந்தகடு என்று உருவம் மாறியதே ஒழியப் பன்னிரண்டு மாறவில்லை.

அந்தப் பன்னிரண்டையும் வரிசையாகக் கேட்பவருக்கு எத்தகைய பாடகி தோன்றுகிறார்? ஓரிரண்டு நீங்கலாக எல்லாம் விளம்ப காலத்தில் நடப்பவை. பிரிவும் ஏக்கமும் பேசுபவை. பின்னணியில் மெல்லிய வயலின்களும், ஜார்டனேர்ஸ் குழுவினரின் பட்டுப்போன்ற கூட்டுக் குரலும், ஃப்ளாய்ட் கிரேமரின் பியானோவும். இது பிராட்லியின் மேதைமை. நாஷ்வில்லின் பதினாறாவது நிழற்சாலையில் இருந்த அவருடைய ‘குவான்ஸெட் ஹட்’ ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகி, ‘நாஷ்வில் ஸவுண்ட்’ என்று பெயர்பெற்ற பாணி. கிராமத்துப் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, நகரத்து வானொலிக்கும் ஏற்றதாகக் கன்ட்ரி இசையை மெருகேற்றுவது அதன் நோக்கம். பேட்ஸி இதைச் சுலபமாக ஏற்கவில்லை என்பது பிரசித்தம். அவருக்குப் பிடித்தது துள்ளும் பாட்டு, குரலை உடைத்து உருட்டிப் பாடும் யோடலிங், கௌபாய் உடை. கூட்டுக் குரல் தம் குரலை அமுக்கிவிடும் என்று அவர் அஞ்சினார். ‘கிரேஸி’ பாடலையே முதலில் அவர் விரும்பவில்லை; அதை இயற்றிய வில்லி நெல்சன் பாடிக் காட்டிய மாதிரித் தட்டின் தாளத்தைத் தழுவாத போக்கு அவருக்குச் சலிப்பூட்டியது. 1961 ஜூன் 14-ஆம் தேதி நேர்ந்த கார் விபத்தில் நெற்றி பிளந்து விலா எலும்பு அடிபட்டிருந்த நிலையில், ஆகஸ்டு மாதத்தில் அதைப் பதிவுசெய்ய முயன்றபோது மேல் ஸ்தாயியை எட்டமுடியாமல் வலி தடுத்தது. வாத்தியப் பகுதியை மட்டும் பதிவுசெய்து வைத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்துத் திரும்பிவந்து குரலைச் சேர்த்தார். வாழ்நாளில் அரைமனத்தோடு ஏற்றுக்கொண்ட ஒரு பாணியே, இறந்தபின் அவருடைய ஏக உருவமாக நிலைத்துவிட்டது என்பதில் ஒரு விபரீதம் இருக்கத்தான் செய்கிறது.

மலிவுத் தொகுப்புகளை வாங்கி ஏமாந்தவர்களுக்கு லாபம் உண்டு என்றேனே, அது இங்கேதான். ஃபோர் ஸ்டார் காலத்துப் பாடல்கள் பெரும்பாலும் சாமானியமானவை என்றாலும், அவற்றில்தான் ராக்கபிலி வேகத்தில் சீறும் பேட்ஸியும், தேவாலயப் பாட்டுப் பாடும் பேட்ஸியும், 1960-இல் ‘லவ்ஸிக் புளூஸ்’ என்ற பழம்பாடலை யோடலிங்கோடு வெளுத்துவாங்கும் பேட்ஸியும் இருக்கிறார்கள். பேராசையால் வெளியிட்டவர்கள், தாம் அறியாமலேயே, அதிகாரபூர்வமான தொகுப்பு மறைத்துவிட்ட ஒரு பெண்ணை மக்கள் காதில் போட்டுவைத்தார்கள். இன்னுமொரு சிக்கலும் உண்டு. ‘வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்’ பாடலை 1961-இல் ‘ஷோகேஸ்’ தட்டுக்காக அவர் மறுபடியும் பாடியிருக்கிறார். ஆகவே ஒரு தொகுப்பில் அந்தப் பெயரைக் கண்டால், அது 1957-இல் ஊரையே திரும்பிப் பார்க்கவைத்த பழைய பதிவா, பிற்காலத்து மெருகேறிய பதிவா என்று கேட்டுப் பார்த்தாலன்றித் தெரியாது. பல தொகுப்புகள் அந்த விவரத்தை அச்சிடுவதே இல்லை.

சுருக்குவது ஒரு குற்றமென்றால், கூட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். 1980 முதல் சில ஆண்டுகள் எம்.சி.ஏ.வும் பிறரும் செய்த காரியத்தை நான் அப்படித்தான் மதிப்பிடுகிறேன். பிராட்லியின் கூடத்தில் குரலுக்கெனத் தனித் தடம் ஒதுக்கி ஒலிப்பதிவு செய்யும் முறை வந்துவிட்டிருந்தபடியால், பிற்காலத்தில் அந்தக் குரலை மட்டும் உருவியெடுத்துப் புது வாத்தியங்களைச் சுற்றிலும் நிறுத்துவது சாத்தியமாயிற்று. 1980-இல் ‘ஆல்வேஸ்’ என்ற தட்டு இந்த முறையில் வந்தது. அடுத்தபடியாக ஜிம் ரீவ்ஸோடு ஜோடி. ரீவ்ஸ் 1964 ஜூலை 31-ஆம் தேதி பேட்ஸியைப் போலவே விமான விபத்தில் மாண்டவர். இருவரும் ஒருபோதும் சேர்ந்து ஒலிப்பதிவு செய்ததில்லை. இருவரும் தனித்தனியே பாடியிருந்த ‘ஹாவ் யூ எவர் பீன் லோன்லி’ என்ற பழம்பாடலின் குரல்களை நாடாவில் இணைத்து, இறந்த இருவரை ஜோடிப்பாட்டுப் பாடவைத்தார்கள். 1981-82-இல் அது கன்ட்ரி வரிசையில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. (இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு ஜிம் ரீவ்ஸின் குரல் அந்நியமன்று, பேட்ஸியை அறியாத வீடுகளிலும் ரீவ்ஸை அறிவார்கள்.) மக்கள் விரும்பி வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் இரண்டு பாடகர்கள் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு, ஒருவர் தாழும்போது மற்றவர் தாங்கிப் பாடுவதே ஜோடிப்பாட்டின் உயிர். இங்கே அந்த உயிர் இருப்பதற்கு வழியே இல்லை. இரண்டு புகைப்படங்களை வெட்டி ஒட்டிக் கல்யாணப் படம் என்று சட்டமிட்டு மாட்டுவதற்கும் இதற்கும் அதிக வேற்றுமை எனக்குத் தெரியவில்லை.

1985-இல் வந்த ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ திரைப்படத்தின் கதை சற்று வேறு. கேரல் ரைஸ் இயக்கிய அந்தப் படத்தில் ஜெஸிகா லாங் பேட்ஸியாக நடித்தார். பாட்டுக்கு வாயசைத்தாரே தவிரத் தாம் பாடவில்லை. படத்துக்காகப் பேட்ஸியின் பழைய குரலுக்குப் புதிய வாத்தியப் பின்னணி அமைத்தவர் வேறு யாருமல்லர், அதே ஓவன் பிராட்லி. ஒரு காலத்தில் குவான்ஸெட் ஹட்டில் தாமே அமைத்ததைத் தாமே அழித்துத் திருத்தும் உரிமை அவருக்கு இருந்தது என்று வாதிக்கலாம்; திரையரங்கின் ஒலிபெருக்கிகளுக்குப் பழைய பதிவு போதவில்லை என்பதும் நியாயமான காரணமே. என்றாலும் கேட்டுப் பார்த்தால் பழையதே பழையது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு வந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ படத்தில் பேட்ஸியாக நடித்த பெவர்லி டி’ஆஞ்சலோ தம் சொந்தக் குரலிலேயே பாடினார். பேட்ஸிக்கு இணையான குரல் அதுவன்று. ஆனால் மனித முகத்தோடு மனிதக் குரல் ஒட்டியிருந்தது. அந்த விதத்தில் அதுவே எனக்கு அதிக மரியாதையான அஞ்சலியாகப் படுகிறது.

இந்தக் கலப்பட யுகத்துக்குப் பிராயச்சித்தம் போல் 1991-இல் வந்தது ‘தி பேட்ஸி கிளைன் கலெக்‌ஷன்’. எம்.சி.ஏ.வும் கன்ட்ரி மியூஸிக் ஃபவுண்டேஷனும் கூடிச் செய்த இந்த நான்கு குறுந்தகட்டுப் பெட்டியில் 104 பதிவுகள், பாடிய காலவரிசைப்படி. ஆரம்பகாலத்து வானொலிப் பதிவுகளும், ஃபோர் ஸ்டார் பாடல்களும், டெக்கா காலத்துப் பாடல்களும் ஒரே நூலில் கோக்கப்பட்டன. இது வெறும் வசதி அன்று. பேட்ஸியைப் பற்றிய அபிப்பிராயத்தையே மாற்றிய வேலை. பன்னிரண்டு பாடல்களில் சோகமூர்த்தியாக உறைந்திருந்தவர், இங்கே இளம்பெண்ணாக யாரையோ பின்பற்றிப் பாடத் தொடங்கி, தவறான பாட்டுகளோடு மல்லாடி, குரலை எங்கே அடக்கினால் எங்கே நெஞ்சைத் தொடும் என்பதைப் படிப்படியாகக் கற்று, கடைசி பிப்ரவரி மாதத்துப் பதிவுகளில் முதிர்ச்சியின் உச்சியில் நிற்பதைக் கேட்கலாம். பயிற்சியும் உழைப்பும் வெளியே தெரியும்போது மேதைமை குறைவதில்லை. நமக்கு அதன் மதிப்பு கூடுகிறது.

மேடைப் பதிவுகளில் 1997-இல் வெளிவந்த ‘லைவ் அட் தி சிமரான் பால்ரூம்’ ஒன்றே தனித்து நிற்கிறது. கார் விபத்து நடந்து ஆறு வாரங்களே ஆகியிருந்த 1961 ஜூலை 29-ஆம் தேதி, ஒக்லஹோமாவின் டல்ஸா நகரத்து நடன அரங்கில், லியான் மக்காலிஃப் கோஷ்டியோடு அவர் பாடிய கச்சேரி அது. வயலின்கள் இல்லை, ஜார்டனேர்ஸ் இல்லை. பாட்டுக்குப் பாட்டு அவர் கூட்டத்தோடு பேசுகிறார், சிரிக்கிறார். துள்ளல் பாடல்களில் உடல்வலியை மறந்து குரலை வீசுகிறார். ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பை மட்டும் கேட்டுப் பழகிய ஒருவர் இதைக் கேட்டால், இவர் வேறொரு பாடகி என்றே முதலில் எண்ணக்கூடும்.

பிறர் செலுத்திய அஞ்சலிகளுள் காலத்தாலும் தரத்தாலும் முதலில் வைக்கவேண்டியது லொரெட்டா லின் 1977-இல் வெளியிட்ட ‘ஐ ரிமெம்பர் பேட்ஸி’. இவ்விருவரின் நட்பு 1961-இல் தொடங்கியது. விபத்துக்குப்பின் பேட்ஸி மருத்துவமனையில் கிடந்தபோது, நாஷ்வில்லுக்குப் புதிதாக வந்திருந்த லின், எர்னஸ்ட் டப் நடத்திய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் அவருடைய ‘ஐ ஃபால் டு பீஸஸ்’ பாடலை அவருக்கென்றே பாடினார். அதைக் கேட்ட பேட்ஸி அவரை அழைத்துவரச் சொல்லி அனுப்பினார். அன்று தொடங்கிய சிநேகம் இரண்டே ஆண்டுகளில் மரணத்தால் அறுந்தது. லின் தம் மகளொருத்திக்குப் பேட்ஸி என்றே பெயரிட்டார். இத்தனை நெருக்கம் இருந்தும், நினைவுத் தட்டு ஒன்றைப் பாட அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனிக்க வேண்டும். துக்கம் சூடாக இருந்தபோது அதை விலைக்கு வைக்க அவர் முன்வரவில்லை என்றே நான் பொருள்கொள்கிறேன்.

அந்தத் தட்டைத் தயாரித்தவரும் பிராட்லியே. பாட்டுகள் பேட்ஸியுடையவை, தயாரிப்பாளர் பேட்ஸியுடையவர், ஆனால் லின் பேட்ஸியைப் போலப் பாட முயலவே இல்லை. கென்டகி மலைப்பகுதியின் மூக்கொலியும், சொற்களை வெட்டி நிறுத்தும் உச்சரிப்பும் எள்ளளவும் குறையாமல் இருக்கின்றன. பேட்ஸி ஒரு ஸ்வரத்தில் நின்று அதை மெல்ல விரித்துக் கரைக்கும் இடங்களில், லின் நேராகச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். இதனால் பாட்டின் அழகு சற்றுக் குறைகிறது, உண்மை கூடுகிறது. அதிலிருந்து எடுத்து வெளியிட்ட ‘ஷீஸ் காட் யூ’ கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது. 1962-இல் பேட்ஸி அதே பாட்டால் அதே இடத்தைப் பெற்றிருந்தார்.

இரண்டாவதாக நான் வைக்கும் தட்டில் பேட்ஸியின் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றுகூட இல்லை. கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்திலிருந்து வந்த கே. டி. லாங், தம் வாத்தியக் கோஷ்டிக்கே ‘ரீக்ளைன்ஸ்’ என்று பேட்ஸியின் பெயரை ஒலிக்கும்படி பெயர் வைத்தவர். 1957-இல் பேட்ஸி பாடி, அதிகம் பேர் கவனிக்காமல் விட்ட ‘த்ரீ சிகரட்ஸ் இன் அன் ஆஷ்ட்ரே’ பாடலை அவர் தம் 1987-ஆம் ஆண்டுத் தட்டில் பாடியிருந்தார். அந்தப் பாட்டைத் தொலைக்காட்சியில் கேட்ட பிராட்லி, உடல் நலம் குன்றித் தொழிலிலிருந்து ஒதுங்கியிருந்த நிலையிலும், இந்தப் பெண்ணுக்காக மீண்டும் வர இசைந்தார். அதன் பலன் 1988-இல் வந்த ‘ஷேடோலாண்ட்’. அதில் ஒரு பாட்டுக்குக் கிட்டி வெல்ஸ், பிரெண்டா லீ, லொரெட்டா லின் ஆகிய மூன்று மூத்த பாடகிகளும் வந்து லாங்கோடு சேர்ந்து பாடினார்கள். பேட்ஸியின் பாட்டுகளைத் திரும்பப் பாடாமல், பேட்ஸியின் பாட்டுகள் பிறந்த முறையைத் திரும்ப உயிர்ப்பித்தார் லாங். வயலின்கள் எங்கே நுழைந்து எங்கே ஒதுங்க வேண்டும், பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் பியானோ என்ன செய்ய வேண்டும் என்ற அந்த நுட்பம் பிராட்லியின் கையில் இன்னும் இருந்தது. பேட்ஸி உயிரோடு இருந்து ஐம்பத்தைந்து வயதில் ஒரு தட்டுப் பாடியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுக்கு அந்தத் தட்டு அமைந்திருக்கிறது. சாயலைப் பிடிக்கும் அஞ்சலிகள் ஆயிரம் வரலாம். தொழில்நுட்பத்தின் ஆன்மாவைப் பிடித்த அஞ்சலி இது ஒன்றே.

1993-இல் டாலி பார்ட்டன், டாமி வைனட், லொரெட்டா லின் மூவரும் கூடிச் செய்த ‘ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்’ தட்டில் பேட்ஸியின் பழைய ‘லவ்ஸிக் புளூஸ்’ குரலோடு தங்கள் குரல்களைச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டும் காரியத்தைக் கண்டித்துவிட்டு இதை மட்டும் பொறுத்துக்கொள்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் இங்கே மறைவு எதுவும் இல்லை; மூன்று பெண்கள் மறைந்த தோழியின் தட்டை ஓடவிட்டு அதனோடு சேர்ந்து பாடுகிறார்கள் என்பது கேட்கும் எவருக்கும் தெரிகிறது. அந்தத் தெளிவே அதைக் காப்பாற்றுகிறது. 1996-இல் பதின்மூன்று வயதில் ‘ப்ளூ’ என்ற பாட்டால் புகழ்பெற்ற லீஆன் ரைம்ஸ், பேட்ஸிக்கென்றே எழுதப்பட்ட பாட்டு அது என்ற செய்தியோடு விற்கப்பட்டார். 1999-இல் பேட்ஸியின் பாடல்கள் பலவற்றைத் தம் தட்டில் பாடினார். குரல் அபாரம், ஒவ்வொரு வளைவும் பேட்ஸியின் வளைவே. அதுவே குறை.

2003-இல் எம்.சி.ஏ. நாஷ்வில் வெளியிட்ட ‘ரிமெம்பரிங் பேட்ஸி கிளைன்’ பல கைகள் சேர்ந்து செய்த அஞ்சலி. நோரா ஜோன்ஸ், டயனா கிரால், நாடலி கோல் போன்ற ஜாஸ், பாப் துறையினரும், லீ ஆன் வோமக் போன்ற கன்ட்ரி பாடகிகளும், மறுபடியும் கே. டி. லாங்கும் அதில் பாடியிருக்கிறார்கள். பாடியவர்கள் யாவரும் திறமைசாலிகள். நோரா ஜோன்ஸின் பாட்டு அடக்கத்தாலேயே நிற்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை ‘நன்றாக இருக்கிறது’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதையும் வேண்டாதவை. காரணம் பாடகிகள் அல்லர், தேர்வு. எடுத்துக்கொண்ட பாடல்கள் பெரும்பாலும் 1967-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்த அதே பாடல்கள். வியாபாரத்துக்காக ஒரு நிறுவனம் முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் பொறுக்கிய பட்டியல், இப்போது பக்தியின் பெயரால் மீண்டும் ஒருமுறை புனிதப்படுத்தப்பட்டது. ஃபோர் ஸ்டார் காலத்துச் சீற்றத்தையோ, தேவாலயப் பாட்டையோ எடுத்துப் பாட அவர்களில் ஒருவருக்கேனும் வாய்ப்பளித்திருந்தால், அந்தத் தட்டு பேட்ஸியைப் பற்றி நமக்குப் புதிதாக எதையாவது சொல்லியிருக்கும். ஏனைய பாடகிகளுக்கும் இதே கதிதான்: டாமி வைனட் மறைந்த 1998-இல் வந்த நினைவுத் தட்டிலும், 2010-இல் லொரெட்டா லின்னுக்குச் செய்த தட்டிலும், பெயர்பெற்ற பாடகர்களின் வரிசை நீளுகிறதே ஒழிய, மறக்கப்பட்ட பாட்டுகள் மறக்கப்பட்டே கிடக்கின்றன.

மேடையிலும் இதே விளையாட்டு நடந்துகொண்டிருக்கிறது. டெட் ஸ்விண்ட்லி எழுதிய ‘ஆல்வேஸ்... பேட்ஸி கிளைன்’ என்ற இசைநாடகம் 1988 முதல் அமெரிக்காவின் சிற்றூர் அரங்குகள்வரை நடிக்கப்பட்டு வருகிறது. 1994-இல் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் அதில் பேட்ஸியாக நடித்த இளம்பெண் மாண்டி பார்னெட், பின்னர் பிராட்லியின் தயாரிப்பில் ஒரு தட்டுப் பாடத் தொடங்கினார். 1998 ஜனவரியில் பிராட்லி காலமாகவே, அவருடைய தம்பியும் பேட்ஸியின் பதிவுகளில் கிட்டார் வாசித்தவருமான ஹெரால்ட் பிராட்லி அதை முடித்து 1999-இல் ‘ஐ’வ் காட் எ ரைட் டு க்ரை’ என்ற பெயரில் வெளிக்கொணர்ந்தார். ‘ஷேடோலாண்ட்’ அளவுக்குப் பேசப்படாத தட்டு. அதைவிடக் குறைந்ததன்று என்பது என் துணிபு.

பேட்ஸியைப் புதிதாகக் கேட்க விரும்பும் வாசகர் 1967-ஆம் ஆண்டுத் தொகுப்பில் தொடங்குவதில் தவறில்லை. அங்கேயே நின்றுவிட வேண்டாம். அடுத்து டல்ஸா கச்சேரியைக் கேட்கட்டும். வசதியும் பொறுமையும் இருந்தால் 1991-ஆம் ஆண்டுப் பெட்டியைக் காலவரிசைப்படி முழுவதும் கேட்கட்டும். அஞ்சலித் தட்டுகளில் லொரெட்டா லின்னும் கே. டி. லாங்கும் போதும். பாடிய ஆண்டும், ஒலிப்பதிவு செய்த இடமும் அச்சிடப்படாத மலிவுத் தொகுப்பு எதையேனும் கையில் எடுக்க நேர்ந்தால், அதில் ‘லவ்ஸிக் புளூஸ்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் வாங்குங்கள்; இல்லையென்றால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.